தண்ணீரில்லாக் காடா தைப்பிங்?



நம் ஆசிரியர் அறைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு சொல்லைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது. 'தண்ணியில்லாக் காடு' என்பதே அச்சொல். இடமாற்றக் கடிதத்தில் கோலாலம்பூர், கிள்ளான், ஷா ஆலாம், ஜொகூர் பாரு ஆகிய பெயர்கள் இல்லாமல் வேறு ஏதேனும் ஊர்ப்பெயர் இருந்துவிட்டால் போதும், "ஐயோ பாவம், தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிட்டாங்களே!" என்று யாரேனும் ஒருவர் இரங்கற்பா பாடத் தொடங்கிவிடுவார். கடிதம் பெற்றவரும் அன்றைக்கே அடுத்த இடமாற்ற விண்ணப்பத்திற்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவார். அவ்வூரை அவர் இன்னும் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

அண்மையில் அச்சொல்லைத் தைப்பிங்கைக் குறித்தே கேட்டேன். சிரிப்பதா சினப்பதா என்று விளங்கவில்லை. தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த நகரம் தைப்பிங். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை இங்கே பெய்கிறது. பிற்பகல் மழை எத்தனை மணிக்கு வரும் என்று முன்னாளில் பந்தயம் கட்டிய கதையை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். குடையில்லாமல் வெளியே போக முடியாத ஊரைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்ல நமக்கு நா எழுகிறது என்றால், நாம் ஊரைப் பார்த்துப் பேசவில்லை. மனத்தில் முன்னரே எழுதி வைத்திருக்கும் ஒரு தரவரிசைப் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறோம் என்றே பொருள். அந்தப் பட்டியலில் தலைநகரம் முதலிடம். சிறுநகரம் கடைசி இடம். அங்கே போவது 'இறக்கம்'.

அந்தப் பட்டியல் வெறும் அறியாமையாக இருந்தால் விட்டுவிடலாம். அது நம் பிள்ளைகளையும் பள்ளிகளையும் காவு கேட்கிறது. ஆகவேதான் எழுதுகிறேன்.

ஊரை அறிந்து பேசுவோம்

தைப்பிங் நேற்று முளைத்த ஊரன்று. 1861 முதல் 1874 வரை லாருட் பகுதியில் ஈயச் சுரங்கங்களுக்காக நடந்த போர்கள் ஓய்ந்த பிறகு, 'பேரமைதி' என்று பொருள்படும் இந்தச் சீனப் பெயரைச் சூடிக்கொண்ட ஊர் இது. 1876 முதல் 1937 வரை பேராக் மாநிலத்தின் தலைநகரம் இதுவே. மலாயாவின் முதல் தொடர்வண்டி 1885-ஆம் ஆண்டு சூன் மாதம் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பெத்தாங்கிற்கு, ஓடியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை அமைப்பதில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் உழைப்பு இருந்தது. பின்னர் யாழ்ப்பாணத் தமிழர்கள் தொடர்வண்டித் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்தார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பால் வெட்டினார்கள். மலாயாவின் முதல் அருங்காட்சியகம் 1883-இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. கைவிடப்பட்ட ஈயக்குட்டையைத் திருத்தி 1880-இல் உருவாக்கப்பட்ட ஏரிப்பூங்காவில், சாலையைத் தாண்டி நீரைத் தொட வளைந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்க்க இன்றும் வெளியூரிலிருந்து மக்கள் வருகிறார்கள்.

இவ்வூர் ஈயத்தை இழந்தது. தலைநகர்ப் பெருமையை ஈப்போவிடம் இழந்தது. முதல் தொடர்வண்டிப் பாதையையும் இழந்தது. ஆயினும் ஊர் இருக்கிறது. காலையில் சந்தை கூடுகிறது. பள்ளி மணி அடிக்கிறது. கோயிலில் பூசை நடக்கிறது. ஒரு நகரம் சிறியதாக இருப்பது அது தோற்றுப்போனதற்கு அடையாளம் என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

நகரம் நோக்கி நாம் ஓடிய கதை

இந்தத் தரவரிசை நம் மனத்தில் எப்படிப் புகுந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், இரப்பர் செம்பனையாக மாறியபோதும், செம்பனை வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் நம் மக்கள் லயத்து வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நகரத்தின் ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். பின்னர் மலிவுவிலை அடுக்கு மாடிகளில் ஏற்றப்பட்டார்கள். தோட்டம் என்றால் வறுமை, நகரம் என்றால் விடுதலை என்று அவர்கள் எண்ணியதில் தவறில்லை. தொழிற்சாலை வேலையும் மாதச் சம்பளமும் நகரத்தில்தான் இருந்தன.

1970-இல் மலேசியர்களில் நகரவாசிகள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 75 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்கின்றனர். இந்தப் பெரும் நகர்வில் நம்மவர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. இன்றைக்கும் வேலை நகரத்தில் இருப்பதால் நகரத்தில் இருப்பவரை நோக்கி இப்பதிவு எழுதப்படவில்லை.

நான் கேள்வி கேட்பது வேறு ஒரு கூட்டத்தை. எங்கே வாழ்ந்தாலும் அதே சம்பளம் பெறும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வீட்டிலிருந்தே கணினிவழி வேலை செய்யும் வாய்ப்புப் பெற்றவர்கள், ஓய்வூதியம் பெறுபவர்கள் ஆகியோரே அக்கூட்டம். இவர்களை யாரும் எந்த லயத்திலிருந்தும் துரத்தவில்லை. தெரிவு இவர்கள் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் அப்பன் பாட்டன் அச்சத்தால் ஓடிய அதே திசையில், காரணம் இல்லாத இன்றும் ஏன் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பதினோர் ஆண்டுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் கற்பித்துவிட்டு, குடும்பத்தோடு தைப்பிங்கிற்குக் குடிபெயர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டையும் வாழ்ந்து பார்த்தவன் என்ற அளவில் சில கணக்குகளை முன்வைக்கிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக முக்கால் மணி நேரம், திரும்ப முக்கால் மணி நேரம் என்பது பலருக்கு நல்ல நாள் கணக்கு. மழை பெய்தால் அதுவும் இல்லை. இங்கே எனக்குப் பத்து நிமிடத்திற்குள் முடிகிறது. நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துப் பள்ளி நடக்கும் 190 நாள்களால் பெருக்கினால் 285 மணி நேரம் வருகிறது. இரவு பகலாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ பன்னிரண்டு நாள்கள்! ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள்களை மகிழுந்தின் ஓட்டுநர் இருக்கையில் கழித்துவிட்டு, "பிள்ளைகளோடு பேச நேரமில்லை" என்று பெற்றோர் கூட்டங்களில் கவலைப்படுகிறோம்.

பிள்ளைகளின் கணக்கு இதைவிடக் கொடுமையானது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பப்பட்டு, வேனில் தூங்கி, வகுப்பில் தூங்கி, பள்ளி முடிந்து பராமரிப்பு இல்லத்தில் அடைந்து, இரவு ஏழரை மணிக்கு அம்மாவின் முகம் பார்க்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழ் பேசும் நேரம் எவ்வளவு? உணவு உண்ணும் அரை மணி நேரம். அதிலும் தொலைக்காட்சிக்கோ கைப்பேசிக்கோ பாதி போய்விடும். 'வீட்டில் தமிழ் பேசுங்கள்' என்று நாம் மேடை போட்டு முழங்குகிறோம். பேசுவதற்கு முதலில் வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா?

வீட்டுக் கணக்கும் உண்டு. அங்கே நான் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுத்த வாடகையில் பாதிக்கும் குறைவாக, இங்கே முன்னும் பின்னும் நிலம் உள்ள தரைவீடு கிடைத்தது. முருங்கையும் கறிவேப்பிலையும் நடலாம். சாலைக் கட்டணமாக மாதந்தோறும் கழிந்த வெள்ளி அப்படியே கையில் நிற்கிறது.

கற்பித்தலுக்கு வருவோம். அறிவியல் பாடத்தில் அலையாத்திக் காடு வருகிறதா? நூறாண்டுகளுக்கும் மேலாக முறையாகப் பேணப்பட்டுவரும் மாத்தாங் அலையாத்திக் காடு இங்கிருந்து அரை மணி நேரத்திற்குள். அதே மரத்தைச் சூளையில் இட்டுக் கரியாக்கும் தொழிலையும் பிள்ளைகள் கண்ணால் காணலாம். வரலாற்றில் ஈயச் சுரங்கம், முதல் தொடர்வண்டி வருகின்றனவா? நடந்தே போய்ப் பார்க்கலாம். தலைநகரப் பள்ளியொன்று பேருந்து பிடித்து, பணம் வசூலித்து, ஒரு நாள் சுற்றுலாவாக வந்து பார்ப்பதை எங்கள் பிள்ளைகள் தெருவாகவே வாழ்கிறார்கள்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை

இப்படி எழுதியவுடன் சிறுநகரத்தைச் சொர்க்கமாக்கிக் காட்டுகிறான் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ண இடங்கொடுக்கமாட்டேன். விடுமுறைக்கு இரண்டு நாள் வந்து, ஏரியோரம் படம் பிடித்து, "என்ன அமைதி! என்ன அமைதி!" என்று வியந்துவிட்டு, ஞாயிறு மாலை நெடுஞ்சாலை ஏறிவிடுபவர்களின் புகழ்ச்சியை நான் நம்புவதில்லை. அவர்கள் புகழ்வது தங்களின் ஓய்வை; இந்த ஊரை அல்ல.

இங்கே வாழ்பவருக்குக் குறைகள் தெரியும். பட்டதாரி இளைஞனுக்கேற்ற வேலை மிகக் குறைவு. படித்து முடித்தவுடன் பிள்ளைகள் பினாங்கிற்கோ தலைநகருக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். சில நோய்களுக்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஈப்போவிற்கோ பினாங்கிற்கோ போக வேண்டும். சொந்த வாகனம் இல்லாதவரின் பாடு பெரும்பாடு. தமிழ் நூல்கள் வாங்க நல்ல கடை தேடி அலைய வேண்டும். தனியார் வகுப்புகளில் தெரிவு குறைவு.

இவை எல்லாவற்றையும்விடப் புதிதாக வருபவரை அலைக்கழிப்பது, எல்லார்க்கும் எல்லாரையும் தெரியும் என்பதுதான். புதன்கிழமை மாலை நீங்கள் எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள் என்பது வியாழன் காலை பள்ளிக்கு வருவதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும். "சார் நேத்து கிளினிக் போயிருந்தீங்களாமே, உடம்புக்கு என்ன?" என்று நான்காம் ஆண்டு மாணவன் கேட்பான். தலைநகரத்தின் முகமறியா வாழ்க்கைக்குப் பழகியவருக்கு முதல் ஓராண்டு மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனால் அதே காரணத்தால்தான், ஒரு மாணவன் மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதை நான்காம் நாள் காலையில் சந்தையில் காய்கறி விற்கும் அம்மா எனக்குச் சொல்லிவிடுகிறார். அப்பா வேலை இழந்தார், அம்மா மருத்துவமனையில் இருக்கிறார் என்பதை அறிய எந்தப் படிவமும் தேவைப்படுவதில்லை. ஆசிரியப் பணிக்கு இதைவிடப் பெரிய துணை எது?

குறைகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை தெரிவு உள்ளவர்கள் வரமறுப்பதால் வளரும் குறைகள். வாசகர் இல்லாததால் புத்தகக் கடை இல்லை. புத்தகக் கடை இல்லாததால் வாசகர் வருவதில்லை. முதலில் யாராவது வந்தாக வேண்டும்.

யார் செய்த குற்றத்திற்கு யாருக்குத் தண்டனை?

இனி என் சினத்தின் அடிப்படைக்கு வருகிறேன்.

கூட்டங்களில் நான் காதாரக் கேட்ட ஒரு பேச்சு உண்டு. "ஒழுங்காக வேலை செய்யாத ஆசிரியரை உள்ளூர்ப் பக்கம் தூக்கியடிக்க வேண்டும்" என்பதே அது. சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார், கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். ஒரு நொடி நிறுத்தி யோசியுங்கள். ஒழுங்காக வேலை செய்யாத ஆசிரியர் தலைநகரப் பிள்ளைகளுக்கு ஆகாதவர் என்றால், சிறுநகரப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி ஆவார்? இந்தப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? அவர்கள் வாழும் ஊரையே சிறைச்சாலையாக்கி, அவர்களையே சிறைச்சுவராக்கும் பேச்சல்லவா இது?

அடுத்தவர், நாள் எண்ணும் ஆசிரியர். தங்குவது எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெருநகரில், கற்பிப்பது இங்கே. பள்ளி முடிந்த ஐந்தாம் நிமிடம் அவரின் மகிழுந்து வாசலைக் கடந்துவிடும். பிற்பகல் பயிற்சி இல்லை. ஊர்க் கோயில் விழாவில் முகம் இல்லை. மாணவரின் வீட்டு வாசல் தெரியாது. ஈராண்டில் போய்விடுவார்; அடுத்தவர் வருவார்; அவரும் நாள் எண்ணுவார். ஆறாண்டுத் தொடக்கப்பள்ளி வாழ்க்கையில் நாலைந்து தமிழாசிரியர்களைப் பார்த்துவிட்ட ஒரு பிள்ளைக்கு, 'நிலையான ஆசிரியர்' என்ற எண்ணமே ஏற்படுவதில்லை. நோயுற்ற பெற்றோரைப் பார்க்க வேண்டியவர், துணைவரைப் பிரிந்து வாழ்பவர் ஆகியோர் இடமாற்றம் கேட்பதில் முழு நியாயம் உண்டு. அவர்களைச் சொல்லவில்லை. எந்தக் காரணமும் இல்லாமல், 'இங்கே என்ன இருக்கிறது?' என்று மட்டும் சொல்லி நாள் எண்ணுபவர்களைச் சொல்கிறேன். இங்கே என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? உங்கள் மாணவர்கள் இருக்கிறார்கள், ஐயா!

மூன்றாமவர், சிறுநகரிலேயே வாழ்ந்தும் மனத்தால் தலைநகரில் குடியிருக்கும் பெற்றோர். "அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு, அதனால் அங்கே சேர்க்கவில்லை" என்பார். சேர்க்காததால் அடுத்த ஆண்டு இன்னும் குறையும். "பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே" என்று அவரே வந்து நிற்பார்.

எண்கள் சொல்வதைக் கேளுங்கள்

1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி, 2016-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-ஐச் சற்றே தாண்டி நிற்கிறோம். 2000-களின் இறுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை, இப்போது ஏறத்தாழ 80,000 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 150 மாணவர்களுக்கும் குறைவாகப் பயிலும் பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை. மிகக் குறைந்த மாணவர் உள்ள பள்ளிகளில் ஈராண்டு மாணவர்களை ஒன்றாக அமர்த்திக் கூட்டு வகுப்பு நடத்த வேண்டிய நிலை.

பிறப்பு விகிதக் குறைவு இதற்கு ஒரு காரணம். வேறு பள்ளிகளை நாடுவது இன்னொரு காரணம். ஆனால் இந்தக் குறைந்த மாணவர் பள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் தோட்டங்களிலும் சிறுநகரங்களிலும் அவற்றின் சுற்றுப்புறங்களிலும்தான். அங்கிருந்த குடும்பங்கள் கிளம்பிப்போய்விட்டன. அதே வேளையில் பெருநகரின் சில பள்ளிகளில் வகுப்பறை போதாமல் பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்கிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் எளிய கணக்கு. 1,000 மாணவர் உள்ள பள்ளியில் இரண்டு பிள்ளைகள் கூடினால் யார் கண்ணுக்கும் தெரியாது. 40 மாணவர் உள்ள பள்ளியில் இரண்டு பிள்ளைகள் கூடினால் அது ஐந்து விழுக்காட்டு வளர்ச்சி! ஒரே ஆண்டில் மூன்று குடும்பங்கள் வந்து ஆளுக்கு இரு பிள்ளைகளைச் சேர்த்தால் பதினைந்து விழுக்காடு. பள்ளியைக் காப்பாற்ற மாநாடு கூட்டுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம், அமைச்சருக்கு மனு கொடுக்கிறோம். மூன்று குடும்பங்கள் வீடு மாறினால் நடக்கக்கூடிய காரியத்தை மூன்று மாநாடுகளால் நடத்திக்காட்ட முடியுமா?

"பிள்ளையின் எதிர்காலம் என்னாவது?"

இதுதான் இறுதியாக வரும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. முன்பெல்லாம் இதற்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காட்டுவார்கள். எந்தப் பள்ளியில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றனர் என்று நாளேடுகளில் வரும் பட்டியலைப் பார்த்து வீடு மாறிய குடும்பங்களை நான் அறிவேன். அந்தத் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. பட்டியல் போய்விட்டது, பட்டியல் தந்த அச்சம் மட்டும் போகவில்லை.

பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு நாளும் வாய்திறந்து படிக்கிறான். அவன் குறிலை நெடிலாக எழுதினால் அன்றைக்கே ஆசிரியர் கண்ணில் படுகிறது. முப்பத்தெட்டுப் பேர் உள்ள வகுப்பில் அமைதியான ஒரு மாணவி ஒரு மாதம் முழுவதும் குரலே கொடுக்காமல் இருந்துவிட முடியும். நான் இருவகை வகுப்புகளையும் நடத்தியிருக்கிறேன். எனக்கு எது எளிது என்பது இருக்கட்டும். அந்த மாணவிக்கு எது நல்லது?

"போட்டி இருக்காதே" என்பார்கள். உண்மைதான், குறைவு. பத்துப் பிள்ளைகளுள் ஒருவனாக முதலிடம் பெறுபவன் தன்னைப் பெரியவனாக எண்ணிவிடக்கூடும். காற்பந்துக் குழு அமைக்க ஆள் போதாது. நாடகம் போட்டால் ஒருவனே அரசனாகவும் காவலனாகவும் வர வேண்டியிருக்கும். இதற்கு வழி, அண்டைப் பள்ளிகள் இரண்டு மூன்று கைகோத்து விளையாட்டையும் கலைநிகழ்ச்சியையும் சேர்ந்து நடத்துவதே. அதற்கு அந்த ஊரில் தங்கி மாலையில் நேரம் கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் வேண்டும். பாருங்கள், மறுபடியும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறோம்.

தலைநகரம் தொலைவு என்பதும் முன்னைப்போல் இல்லை. தைப்பிங்கிலிருந்து மின்தொடர்வண்டி ஏறினால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் கோலாலம்பூர். பாதியைப் படித்துக்கொண்டும் பாதியைத் தூங்கிக்கொண்டும் போகலாம். பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகத்திற்கோ வேலைக்கோ பெருநகர் போக நேர்ந்தால் போகட்டும். பதினெட்டு வயதில் போவதற்கு ஆறு வயதிலிருந்தே நெரிசலில் நிற்கப் பழக வேண்டுமா?

செய்ய வேண்டியவை

வெறும் குறைகூறலோடு முடிக்க மனமில்லை. நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, ஆசிரியர்களுக்கு. சிறுநகரப் பள்ளிக்கு ஆணை வந்தால் ஈராண்டுக் காத்திருப்பாக எண்ணாமல், முதலில் அவ்வூரிலேயே வீடு எடுங்கள். உங்களுக்குத் தொடக்கப்பள்ளி வயதில் பிள்ளைகள் இருந்தால் நீங்கள் கற்பிக்கும் பள்ளியிலேயே, இல்லையேல் அவ்வூரின் வேறு தமிழ்ப்பள்ளியில் சேருங்கள். தான் கற்பிக்கும் பள்ளி தன் பிள்ளைக்கு ஆகாது என்று கருதும் ஆசிரியர், பிறர் வீட்டு வாசலில் நின்று மாணவர் சேர்க்கைக்கு எந்த முகத்தோடு பேசுவார்?

இரண்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு. புதிய ஆசிரியர் வரும் நாளில் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்தாதீர்கள். வாடகைக்கு நல்ல வீடு எங்கே, எந்த மருத்துவர் எந்நேரம் இருப்பார், மகிழுந்து பழுதானால் யாரை அழைப்பது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் ஒரு குடும்பத்தை ஊர் எப்படி ஏற்கிறது என்பதைப் பொறுத்தே அவர் தங்குவதும் கிளம்புவதும் முடிவாகும். வம்பு பேசும் வாய்க்குச் சற்றுப் பூட்டுப் போடுவதும் இந்த உபசரிப்பின் ஒரு பகுதிதான்.

மூன்று, பெருநகரில் வாழும் முன்னாள் மாணவர்களுக்கு. ஆண்டுக்கொரு முறை வந்து கணினியும் காசோலையும் தந்து படம் எடுத்துக்கொள்வதை நாங்கள் நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் உங்களுள் எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஓய்வுபெற்று, ஊரில் பூட்டிக் கிடக்கும் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பக்கூடியவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்குக் கணினியைவிட ஆள் வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்குச் சதுரங்கமோ வாய்ப்பாடோ சொல்லித்தரும் ஒரு தாத்தா எத்தனையோ நன்கொடைக்குச் சமம்.

நான்கு, நம் எல்லார்க்கும். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ஆசிரியர் அறையில் 'தண்ணியில்லாக் காடு' என்று நாம் விளையாட்டாகச் சொல்வது பக்கத்து வகுப்பறையில் இருக்கும் பிள்ளையின் காதிலும் விழுகிறது. 'நான் பிறந்த ஊர் தண்டனையாக வருகிறவர்களின் ஊர்' என்று அவன் கற்றுக்கொள்கிறான். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை நாம்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். அவன் வளர்ந்து இவ்வூரைவிட்டுப் போய், திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டால் அதற்காக வியப்படைய நமக்கு உரிமையில்லை.

அடுத்த முதலாம் ஆண்டுப் பதிவின்போது, சிறுநகரப் பள்ளிகள் பலவற்றில் தலைமையாசிரியர்கள் விரல்விட்டுப் பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஐந்தா, ஆறா, ஏழா என்பதில் ஒரு பள்ளியின் ஆயுள் இருக்கிறது. அந்த ஏழாவது பெயர் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயராக இருக்கலாம். வீடு பார்க்க வருகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், கூட வருகிறேன். குடை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.